பதினாறு ஞாயிறு ஷிஃப்ட்

அன்புள்ள தோழிக்கு,

நீயும் நானும் மட்டுமே உறுப்பினர்களாக உள்ள ‘கோர்ஸ் தேடல்’ வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகுவதென்று, இரண்டு நாள் தீவிர ஆலோசனைக்குப் பின், இன்று முடிவெடுத்தேன். நிர்வாகப் பொறுப்பு இனி உன்னுடையது.

தீப்பெட்டி ஆலையின் பேக்கிங் பிரிவில் எத்தனை நாள்தான் நிற்பது என்று, இயந்திரங்களுக்குப் புரோகிராம் எழுதும் படிப்பை ஆறு மாதம் தேடினோம். கோவில்பட்டியில் எங்கே கேட்டாலும் கணக்கு எழுதும் டேலிதான் சொல்லிக்கொடுத்தார்கள். கடைசியில் திருநெல்வேலியில் ஒரு ஞாயிறு வகுப்பு அகப்பட்டது. இருவருக்கும் சேர்த்து விசாரிக்க நீதான் போனாய்.

"எடமெல்லாம் முடிஞ்சிட்டுட்டி, அடுத்த வருசம் பாப்போம்" என்று வந்து சொன்னாய். உன் முகவாட்டத்தைப் பார்த்து நான்தான் ஆறுதல் சொன்னேன்.

அதற்குப் பிறகு புதூரில் உன் சொந்தங்களுக்கு வாராவாரம் விசேஷம் வந்தது. பதினாறு ஞாயிறும் உன் ஷிஃப்டை நான் பார்த்தேன். ஒரே சித்தி மகளுக்கு இரண்டு முறை வளைகாப்பு நடந்தபோதுகூட, குடும்பம் தழைக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அதன்பின் வேலையை விட்டுப் போன நீ, சென்ற வாரம் பேக்கிங் இயந்திரக் கம்பெனியின் சட்டையோடு, புது இயந்திரத்தை ஓடவைக்க எங்கள் பிரிவுக்கு வந்தாய்.

"ஏட்டி, தப்பா நெனைக்காத. ரெண்டு பேரும் படிச்சிருந்தா ஒரே வேலைக்குல்லா முட்டிக்கிட்டு நிப்போம்?"

"ஒன் சித்தி மவளுக்குப் பிள்ள பொறந்தாச்சா?" என்று கேட்டேன். நீ மடிக்கணினியைத் திறந்துகொண்டாய்.

நீ எழுதிய புரோகிராம் பிழையின்றி ஓடுகிறது. திங்கள் முதல் வேலைக்கு வர வேண்டாதவர்கள் என்று பதினோரு பேரின் பட்டியலை ஒட்டியிருக்கிறார்கள். என் பெயர் நான்காவதாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன்னோடு பேக்கிங்கில் நின்றவள்