தறிப்பக்கத்து ஜன்னல்

உன் ஜன்னலைக் கழற்றி வாசல் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் திட்டு. காலையில் அதை நகர்த்தியபோது சட்டத்தின் இடுக்கிலிருந்து பஞ்சுத்தூசு கொத்தாக உதிர்ந்தது. மெஷின் எண்ணெயும் நூல் கஞ்சியும் கலந்த வாசனை. உன் புடவைத் தலைப்பில் எப்போதும் இருந்ததுதான். வேலையை விட்டுவிட்டு அங்கேயே நின்றேன்.

அந்த ஜன்னலுக்காக நாம் போட்ட சண்டை கொஞ்சமா? நகரியில் வீட்டுக்கு வீடு கைத்தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு பவர்லூமுக்கு மாறிய காலம். நாமும் வீட்டுக்குப் பின்னால் ஷெட் எழுப்பி நான்கு தறி இறக்கினோம். வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் ஜன்னல் வேண்டும் என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். "வெளிய கீற சத்தத்த யாராவது ஊட்டுக்குள்ள கூப்புடுவாங்களா?" என்று கத்தினேன். "நான் ஷெட்டுல நூல் சுத்திக்கினு இருப்பேன், கொயந்த இங்க தொட்டில்ல கெடக்கும். எனக்குக் கண்ணுல பட வேணாவா மாமா?" என்றாய். நீதான் ஜெயித்தாய். எதில்தான் நான் ஜெயித்திருக்கிறேன்?

அந்தத் தொட்டில் பிள்ளை திருப்பதியில் இன்ஜினீயரிங் படித்து, பெங்களூரில் அமெரிக்கக் கம்பெனியில் சேர்ந்தது வரை நீ பார்த்தாய். பிரசவத்துக்கு இங்கே வந்ததை நீ பார்க்கவில்லை. பெண் குழந்தை, உன் நெற்றி. மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். அதனால் லீவு முடிந்த பிறகும் நகரியிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கம்பெனியில் கேட்டு வாங்கிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ போன பிறகு இந்த வீட்டில் நானும் டிவியும்தானே.

அந்தச் சந்தோஷத்துக்குத் தறியே வேட்டு வைத்தது. ஷெட்டை முனுசாமிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அவனை நிறுத்தச் சொன்னாலும் பயனில்லை, தெருவே தறியாயிற்றே. இவள் கம்ப்யூட்டரில் மீட்டிங் என்று உட்கார்ந்தால் தடக்கு தடக்கு என்று அதுதான் முதலில் பேசும். "ரயிலில் போகிறீர்களா?" என்று அவளுடைய மேனேஜர் கேட்டாராம். இவளும் பயத்தில் ஆமாம் என்றாளாம். ஒரு வாரம் முழுக்க உன் மகள் ரயிலிலேயே போனாள்! எத்தனை நாள்தான் ஓடும் அந்த ரயில்? சத்தமில்லாத இடம் பார், இல்லாவிட்டால் ஆபீசுக்கே வந்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். "பாப்பாவ அங்க ஏதாவது காப்பகத்துலதான் வுடணும் நைனா," என்று அவள் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டால் சத்தம் அடங்கும் என்று ஃபோனில் பார்த்து அவளே சொன்னாள். திருப்பதிக்குப் போனோம். கடைக்காரர் தெலுங்கில் தொடங்கி, என் பேச்சைக் கேட்டுவிட்டுத் தமிழுக்கு வந்தார். இடத்தை அடைக்காது என்று, பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற ஜன்னலைக் காட்டினேன்.

"ரோட்டுச் சத்தமா சார்?"

"தறிச் சத்தம்."

"அய்யய்யோ! அப்ப தள்ளுறது வேணாம். ஓரத்துச் சந்துல பூந்து வந்துடும். கதவு மாதிரி தொறந்து மூடுறத எடுங்க, சுத்தி ரப்பர் இறுக்கிப் புடிச்சுக்கும்."

"ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல இன்னா கீது?"

"காத்துதான் சார்."

"காத்தையா விக்கிறீங்க?" என்றேன். மகள் என் கையைக் கிள்ளினாள்.

எல்லாம் முடிவானபோது, நடுச்சுவர் ஜன்னலுக்குப் புதிது வேண்டாம், செங்கல் வைத்து அடைத்துவிடலாம் என்றாள். "அது உங்கம்மா ஜன்னலு. மாத்துவேன், அடைக்க மாட்டேன்," என்று கடையென்றும் பாராமல் கத்திவிட்டேன். கடைக்காரர் பாவம், டீ வரவழைத்தார்.

ஜன்னல்கள் வந்தன, பொருத்தினார்கள். தரையில் காலை வைத்தால் லேசாக ஓர் அதிர்வு, அவ்வளவுதான். திங்கட்கிழமை மீட்டிங்கில், "ரயிலைவிட்டு இறங்கிவிட்டீர்களா?" என்று கேட்டாராம் அந்த மேனேஜர். அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்து பெட்டியைப் பரண்மேல் ஏற்றினாள். அப்பாடா! அந்தப் பெட்டி மேலே போனதைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சே வந்தது.

அன்று மதியம் நிம்மதியாகக் கண்ணயர்ந்தேன். திடுக்கென்று தூக்கிவாரிப் போட்டது. சத்தமே இல்லை! தறி ஓடினால் தூங்குவதும் நின்றால் விழிப்பதும்தானே நம் தெருப் பழக்கம். நீயோ கண்ணைத் திறக்கும்போதே எந்தத் தறி நின்றது என்று சொல்லிவிடுவாய். லுங்கியைப் பிடித்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடி, "கரண்ட்டு பூட்ச்சா?" என்று கூவினேன். முனுசாமி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இன்னாண்ணா, நாலு தறியும் ஓடிக்கினுதான கீது!"

சரி, சிரித்தது போதும். "தறி சத்தம் கேட்டுக்கினு இருந்தா நம்ம ஒலை கொதிக்குதுன்னு அர்த்தம் மாமா," என்று நீ சொல்வாயே, அதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் குழந்தை தூங்கவில்லை. ஜுரம் இல்லை, பால் குடிக்கிறாள், தொட்டிலில் போட்டால் வீல் என்று அழுகை. இரண்டு நாளாக மகளும் நானும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நடந்தோம். டாக்டரிடம் கிளம்ப வேண்டியதுதான் என்று நான் சட்டையை மாட்டியபோது, மகள் என்னவோ தோன்றியவளாகப் பின்னறைக்குப் போய் உன் ஜன்னல் இருந்த இடத்துப் புது ஜன்னலைத் திறந்தாள். தடக்கு தடக்கு என்று உள்ளே வந்தது. குழந்தையின் அழுகை விக்கலாகி, விக்கல் கொட்டாவியாகி, இமை மூடிக்கொண்டது.

"நானும் இப்டித்தான் தூங்கினேனா நைனா?" என்றாள். தலையாட்டினேன். 

இப்போது அதுதான் ஏற்பாடு. அவள் முன்னறையில் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு அமெரிக்காவோடு பேசுகிறாள். பின்னறையில் உன் ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கிறது. தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

சற்று முன் ஷெட்டில் ஒரு தறி நின்றது. குழந்தை சட்டென்று கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்த்தாள். நான் குனிந்து அவள் காதருகே கேட்டேன்: "எந்தத் தறிம்மா?"