ஜாக் ராடில் வைத்த சந்தனம்

என் அன்புள்ள என்னங்க,

முப்பத்தாறு வருஷம் இப்படித்தானே கூப்பிட்டேன், கடிதத்தில் மட்டும் பெயர் சொல்லவா போகிறேன்? முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேரவனின் பின்பக்க ஜாக் ஒன்றில் ஆயில் கசிந்துவிட்டது.

நீங்கள் போன பிறகு நம் பிள்ளை பிரபு போட்ட கண்டிஷன் உங்களுக்குத் தெரியாது. "அம்மா, உன்னால அதை மெயின்டெய்ன் பண்ண முடியாது. ஒரு ரிப்பேர் வந்தாலும் வித்துடலாம், சரியா?" என்றான். சரி என்று தலையாட்டிவிட்டேன். நீங்கள் ரிட்டயரான பிறகு நாம் இருவரும் ஊர் ஊராகப் போய்ப் படுத்து எழுந்த வண்டி அது. அதையும் விற்றுவிட்டால் எனக்கு என்ன மிச்சம்?

போன வருஷம் துக்கம், பண்டிகை எதுவும் இல்லை. இந்த ஆயுத பூஜைக்கு எல்லாம் வழக்கப்படி செய்தேன். பட்டனை அழுத்தி, வண்டியைச் சமமாகத் தூக்கி நிறுத்தும் நான்கு ஜாக்குகளையும் இறக்கினேன். பளபளவென்று வந்த ராடுகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். ஸ்டியரிங்குக்கு வைத்துவிட்டு, தாங்கும் கால்களுக்கு வைக்காவிட்டால் எப்படி? மறுநாள் காலை ராடுகளை மேலே ஏற்றினேன். பத்தே நாளில் அடியில் எண்ணெய்க் கறை.

பொம்மனஹள்ளியிலிருந்து மெக்கானிக் அமீர் பாய் நம் சந்தாபுரா வீட்டுக்கு வந்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"சந்தனம் காஞ்சு ராடோட உள்ள போயிருக்கும்மா. ஆயிலைப் பிடிச்சு வெக்கிற ரப்பர் சீலை அறுத்துடுச்சு. ராடு மேல தூசிகூட இருக்கக் கூடாது."

வருஷா வருஷம் வைப்பேனே என்றேன். அவர் தயங்கித்தான் சொன்னார்.

"பூஜை அன்னிக்கு சார் என்கிட்ட வந்து ராடைத் துடைக்க சுத்தமான பனியன் துணி வாங்கிட்டுப் போவாரும்மா. அவ ஆசையா வெக்கிறா, வேணாம்னு சொல்ல மனசு வரலைன்னுவாரு."

"நீ உள்ளே போ, நான் ஜாக்கை ஏத்திட்டு வர்றேன்" என்று நீங்கள் என்னை அனுப்பியது இதற்குத்தானா? என் மனசு நோகக் கூடாது என்று பார்த்தீர்கள். நீங்கள் இல்லாத நாளில் நான் என்ன செய்வேன் என்று ஏன் பார்க்கவில்லை? அன்று அடுப்பே பற்ற வைக்காமல் அழுதேன்.

"தம்பிகிட்ட சொல்ல வேணாம்மா, சத்தமில்லாம மாத்திக் குடுத்துடறேன்" என்றார் பாய். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனாலும் போன் செய்து, தப்பு என்னுடையது என்று பிரபுவிடம் சொன்னேன்.

"அப்பா என்கிட்டயும் சொல்லலையேம்மா" என்றான். அப்புறம், "சீல் மாத்தறப்ப நானும் வர்றேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்து, பாயோடு அவனும் அடியில் படுத்தான். நான்கு ராடுகளும் உள்ளே இருக்கும்போதுதான் ஆயில் அளவு பார்க்க வேண்டுமாம், இருவரும் கற்றுக்கொண்டோம். விற்கிற பேச்சை அவன் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த பூஜைக்கும் பொட்டு வைக்கத்தான் போகிறேன். கற்பூரம் காட்டி முடித்ததும், பிரபுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே துடைப்பேன். இது சத்தியம். நாலு ராடுதானே? சொல்லியிருந்தால் நாம் ஆளுக்கு இரண்டாகத் துடைத்திருக்கலாமே, என்னங்க?

இன்னும் கோபம் தீராத உங்கள் மனைவி,
வசந்தா