பிறேம் போட்டு மாட்டிய மறுப்புக் கடிதம்

அனுப்புநர்:
சீவரத்தினம் கோணேசன்,
நெசவுத் தொழிற்சாலைத் தொழிலாளி,
ஹேர்னிங்.

பெறுநர்:
மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
வெளிநாட்டு உதவித் திட்டங்களுக்கான பிரிவு,
கொப்பன்ஹேகன்.

விடயம்: தன்சானியாவின் மசாய் மக்கள் வேண்டாமென்று எழுதிய இடத்திலேயே கிணறு தோண்ட ஹேர்னிங் கிணற்று நண்பர் சங்கம் முற்படுவது தொடர்பாக. பம்புகள் கப்பலேறும் நாள்: 30.03.1989.

மதிப்புக்குரிய ஐயா,

முதலில் ஒரு வேண்டுகோள். என்னுடைய டெனிஷ் கடைக்குப் போய்வரப் போதும், முறைப்பாடு எழுதப் போதாது. ஆகவே தமிழில் எழுதுகிறேன். இதனைக் கொப்பன்ஹேகனிலேயே மொழிபெயர்ப்பித்துக்கொள்ளுங்கள். ஹேர்னிங்கிலுள்ள தமிழ் மொழிபெயர்ப்பாளர் திரு. லோரன்ஸ் அவர்களிடம் அனுப்ப வேண்டாம். அவர் மேற்படி சங்கத்தின் செயற்குழுவிலும் இருக்கிறார். அவர் பிழையாக மொழிபெயர்ப்பார் என்று நான் சொல்லவில்லை. அனுப்ப வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

1. நான் மட்டக்களப்பு, படுவான்கரையைச் சேர்ந்தவன். 1986 முதல் இந்நாட்டில் அகதியாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் சங்கத்தின் பட்டறைக்குப் போய் ஆபிரிக்காவுக்கு அனுப்பும் பழைய கைப்பம்புகளைத் திருத்திக் கொடுக்கிறேன். இம்முறை போகவிருக்கும் பதினொரு பம்புகளும் என் கை பட்டவை. அவை எங்கே போய் நிற்கப் போகின்றன என்று கேட்க எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

2. கடந்த 18.02.1989 அன்று சங்க மண்டபச் சுவரில் புதிதாக ஒரு கண்ணாடி பிறேம் தொங்கியது. உள்ளே ஒரு தாள், தாளில் பத்தொன்பது உருவங்கள்: வளைவு, கவட்டை, புள்ளி வைத்த கோடு இப்படி. கோப்பி குடிக்க வந்தவர்கள் எல்லாரும் என்ன அழகு என்று பார்த்துவிட்டுப் போனார்கள். நானோ கிட்டப் போய் ஒவ்வொன்றாக எண்ணினேன். எங்கள் பகுதியில் பட்டி மாடுகளின் தொடையில் குடும்பத்துக்கொரு குறி சுடுவோம். மாடு விற்றால் ஊர் அதிகாரியான விதானையார் எழுதும் துண்டில் பெயரோடு அந்தக் குறியையும் வரைவார். அலங்காரமென்றால் ஒன்று இன்னொன்றைப் போல இருக்கும். இவையோ ஒன்று மற்றதிலிருந்து வேறாகத் தெரியவேண்டும் என்றே போடப்பட்டவை. அது ஓவியமல்ல ஐயா, கையொப்பம்.

3. கையொப்பம் இருந்தால் அதற்கு மேலே எழுத்தும் இருக்கவேண்டும். உற்றுப் பார்த்தேன். தாளின் மேற்பாதி பின்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. வெறும் தாளை எவன் மடிப்பான்? 25.02.1989 அன்று எல்லாரும் கோப்பிக்குப் போன நேரம் பின்பலகையைக் கழற்றி, தாளை நூலகத்தில் பிரதி எடுத்து, திரும்பவும் பூட்டிவிட்டேன். அவர்கள் சொல்லுமுன் இதை நானே சொல்லிவிடுகிறேன். பூட்டும்போது ஒரு சிற்றாணி மிஞ்சிவிட்டது. திருடினேன் என்று நாளைக்குப் பேச்சு வராதிருக்க, அதனையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

4. எழுத்து சுவாஹிலி மொழியில் இருந்தது. எங்கள் தொழிற்சாலையின் சாயப் பகுதியில் வேலை செய்யும் தன்சானிய நாட்டவர் திரு. எலியாஸ் அவர்கள் அதை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார். 1988 ஓகஸ்ட் மாதக் கடிதம். அது சொல்வதாவது: நீங்கள் கிணற்றுக்குக் குறித்த இடம் கோடையில் எங்கள் கன்றுகளுக்கென்று ஒதுக்கி வைத்த புல்தரை. அங்கே தண்ணீர் வந்தால் எல்லாத் திசையிலிருந்தும் மாடு வரும், ஒரே கோடையில் புல் அழியும், கன்றுகள் சாகும். ஆண்களும் பெண்களுமாக நான்கு நாள் கூடியிருந்து பேசிவிட்டோம். வற்றிய ஆறு திரும்பும் இடத்தில்தான் கிணறு வேண்டும். நாங்களே தோண்டுவோம். பம்பும் குழாயும் அனுப்பி, அதைத் திருத்த எங்கள் பெண்கள் இருவரைப் பழக்குங்கள். பதில் எழுதும்வரை ஒன்றும் அனுப்ப வேண்டாம்.

5. இவ்வளவு தெளிவாக எழுதிய மனிதர்களுக்கு ஒரு வரிப் பதிலும் போகவில்லை. சங்கத்தின் வரைபடத்தில் கிணறு இன்றைக்கும் புல்தரையில்தான் இருக்கிறது. அந்த இடம் மோட்டார் வீதிக்குப் பக்கம். படமெடுக்கப் போகிறவர்களின் கார் அதுவரை போகும், ஆற்றுத் திருப்பத்துக்குப் போகாது. இது என் சந்தேகம், சந்தேகமாகவே பதிந்துகொள்ளுங்கள்.

6. தெரியாமல் செய்தார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். 04.03.1989 அன்று சங்கத் தலைவர் திரு. ஹோல்கர் அவர்களிடம் திரு. லோரன்ஸ் மூலமாக எல்லாவற்றையும் சொன்னேன். நான் ஏழு நிமிடம் பேசினேன். திரு. லோரன்ஸ் அதை இரண்டு வசனத்தில் முடித்தார். திரு. ஹோல்கர் சிரித்து, என் தோளில் தட்டி, கோப்பி ஊற்றித் தந்தார். நேற்றுப் போனால் சுவரில் பிறேமைக் காணவில்லை. பம்புகள் பெட்டியில் அடைக்கப்பட்டு, ஓகுஸ் துறைமுகம் என்று எழுதியிருந்தது.

7. சங்கத்தின் ஆண்டறிக்கை தங்களுக்கும் அனுப்பப்பட்டதாக அதிலேயே எழுதியிருக்கிறது. தலைப்பு: மக்களே முன்னின்று நடத்தும் பணி. அட்டையைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். இதே பத்தொன்பது குறிகள் சிவப்பு நிறத்தில் இருக்கும். கீழே, மசாய் மக்களின் நன்றி ஓவியம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அம்மக்கள் வேண்டாமென்று வைத்த கையொப்பம் தங்கள் மேசையில் சம்மதமாகக் கிடக்கிறது.

8. நேற்றுச் சங்கத்திலிருந்து வெளியே வரும்போது திரு. லோரன்ஸ் என்னை மறித்து, உம்முடைய பெண்சாதி பிள்ளை வந்து சேருமட்டும் வாயை மூடிக்கொண்டு இரும் என்றார். புத்தி சொன்னாரோ வெருட்டினாரோ தெரியாது. என் மனைவி கோகிலாவையும் மகளையும் இங்கு அழைக்க 1987 செப்ரெம்பரில் விண்ணப்பித்தேன். அதை மொழிபெயர்த்தவரும் அவரே. கேட்கும் போதெல்லாம் விசாரணையில் உள்ளது என்கிறார்கள். எந்த மேசையில் எதற்கு அடியில் கிடக்கிறதோ, நானறியேன். பதில் வராத கடிதம் ஒரு வீட்டை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயந்து பயந்தென்றாலும் எழுதுகிறேன். இந்த மனுவையும் அந்த விண்ணப்பத்தையும் ஒரே கோப்பில் வைத்துவிடாதீர்கள்.

ஆகவே, அந்தப் பத்தொன்பது குடும்பங்களுக்கும் பதில் எழுதி, அவர்கள் ஓம் என்று சொல்லும்வரை அப்பெட்டிகளைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்குமாறும், மூலக் கடிதம் எங்கே என்று சங்கத்திடம் எழுத்தில் கேட்குமாறும், இம்மனு கிடைத்ததற்கு இலக்கமிட்ட துண்டொன்று எனக்கு அனுப்புமாறும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: கடிதப் பிரதி, திரு. எலியாஸ் எழுதிய ஆங்கில வடிவம், அறிக்கையின் அட்டை, ஆணி ஒன்று.

இடம்: ஹேர்னிங்
திகதி: 12.03.1989

இப்படிக்கு, தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
சீ. கோணேசன்
(ஒப்பம்)

கையொப்பத்துக்குப் பக்கத்தில் நான் வரைந்திருப்பது எங்கள் பட்டியின் குறி. அழகுக்காகப் போடவில்லை. தயவுசெய்து இதைச் சுவரில் மாட்ட வேண்டாம் ஐயா, பதில் எழுதுங்கள்.