சத்தம் போடாத காரும் காணாமல் போன இடுக்கியும்

என் செல்ல நைனாவுக்கு,

உத்திரமேரூர் வட்டாரத்தில் வாழும் சகலருக்கும், மேலே போய்விட்ட உனக்கும், ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: நம் வீட்டுப் பால் இடுக்கியைக் காணவில்லை. அம்மா முந்தானையால் பிடித்துத்தான் பாத்திரத்தை இறக்குகிறாள். சந்தேகம் வழக்கம்போல என் மேல். ரப்பர் பல்லியை அரிசிப் பானையில் போட்டவன் இந்த வீட்டில் நான் ஒருத்தன்தானே!

அது கிடக்கட்டும். உன் கார் சமாச்சாரத்துக்கு வருகிறேன். நீ போன பிறகு அக்காதான் அதை வாடகைக்கு ஓட்டுகிறாள். மானாம்பதிக்காரர்கள் கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போவதென்றால், "அந்த டிரைவர் பொண்ணக் கூப்புடு" என்கிறார்களாம். காது குளிர்கிறதா நைனா?

ஆனால் அறுவடை சமயத்தில் வண்டி லொட லொட என்றது. முன்சக்கரத்துப் பக்கம் யாரோ உட்கார்ந்து சுத்தியால் தட்டுகிற மாதிரி. வளைவில் திரும்பினால் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உன் தம்பி, அதாவது என் சித்தப்பா, உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்.

"வண்டிக்கு வயசாயிடிச்சி அண்ணி. ஒரு ஆளு கீறாரு. வெள்ளிக்கெயம வந்து பாக்கறேன்றாரு. குட்துட்டு நிம்மதியா இரு."

அம்மா தலையாட்டிவிட்டாள். அக்கா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கார் போனால் அவள் மறுபடி விடிகாலையில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். உன் சீட்டில் வேறு யாரோ உட்காருவார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லு?

பக்கத்து சீட்டில் ஏறிக் காதைத் தீட்டினேன். வேகத்தடையில் இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கியபோது வண்டி சாதுவாக இருந்தது. ஏரி ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். அதை மிதிக்காமல் இருக்க அக்கா இடது சக்கரங்களை மட்டும் மண்ணில் இறக்கினாள். லொடக்! ஏறும்போது இன்னொரு லொடக்!

அங்கேதான் பிடித்தேன். முன்சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக ஒரு கம்பி போகிறது. ஒரு பக்கம் மட்டும் ஏறி இறங்கினால் வண்டி சாயாமல் இழுத்துப் பிடிப்பது அதன் வேலை. அதன் இரண்டு முனையையும் சக்கரப் பக்கம் மாட்டுவது லிங்க். கம்பியை அடிச்சட்டத்தோடு சேர்த்துப் பிடிப்பது ரப்பர் புஷ்.

"சித்தப்பா, லிங்க் போயிடிச்சி."

"இன்னாடா பேஜார் பண்ற? லிங்க்கு போன்ல தான வரும்?"

"இது ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வரும். பார்வர்ட் பண்ண முடியாது."

அக்கா பொருளை வாங்கி வந்தாள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, தாங்கி வைத்து, கீழே நுழைந்தேன். இடது லிங்க்கை ஆட்டிப் பார்த்தால் விழப்போகும் பால் பல் மாதிரி ஆடியது. உறை கிழிந்து கிரீஸ் வற்றிக் கிடந்தது. புஷ்ஷும் வெடித்திருந்தது. நட்டைத் திருப்பினால் உள்ளே இருந்த போல்ட்டும் கூடவே சுற்றியது. அதை எப்படிப் பிடித்து நிறுத்தினேன் என்பது தொழில் ரகசியம்.

கம்பி முறுக்கிக்கொள்ளாமல் இருக்க இரண்டு பக்கத்தையும் சமமாகத் தூக்கி, இரண்டு லிங்க்கையும் மாற்றினேன். சக்கரம் தரையில் நின்ற பிறகுதான் புஷ்ஷைக் கடைசியாக முடுக்கினேன். அக்கா ஒவ்வொரு நட்டாகச் சரிபார்த்தாள். எழுந்து வந்தபோது என் பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்ததாம்.

வெள்ளிக்கிழமை அந்த ஆள் வந்தார். அக்கா எங்களை ஏற்றிக்கொண்டு நேராக நெல் ரோட்டுக்கே விட்டாள். இறக்கினாள், ஏற்றினாள். மூச்! திரும்பி வந்ததும் அவர் அம்மாவையே கேட்டார்: "வண்டி ஷோக்காத்தான கீது, எதுக்கும்மா விக்கிறீங்க?"

"விக்கல" என்றாள் அம்மா. ஒரே வார்த்தை. நைனா, நீ கேட்டிருக்கணும். அன்றிலிருந்து நான் தரையில் நடக்கவே இல்லை.

இன்று மத்தியானம் வரை.

மானாம்பதி சவாரி முடித்து வந்த அக்கா சொன்னாள்: "கிணு கிணுன்னு புதுசா ஒரு சத்தம் வருதுடா." சித்தப்பாவின் காது உடனே நிமிர்ந்தது. "நான் அன்னிக்கே சொல்லல?" அம்மா முகம் வாடிவிட்டது. நான் விடுவேனா? "புது பார்ட்டு, செட் ஆவணும்" என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பிறகு நைசாகக் கீழே குனிந்து பார்த்தேன்.

அடிச்சட்டத்துக்கும் குழாய்க்கும் இடையில் செருகிக்கொண்டு, நம் பால் இடுக்கி. தொழில் ரகசியம் அதுதான் நைனா. போல்ட்டைப் பிடித்துவிட்டு அங்கேயே மறந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை இறுகிக் கிடந்தது, இன்று தளர்ந்து தாளம் போட்டிருக்கிறது. சக்கரத்தில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

சித்தப்பா இன்னும் வாசலில்தான் இருக்கிறார், அந்த ஆளுக்குப் போன் போட நம்பர் தேடிக்கொண்டு. இதை எழுதி முடித்த கையோடு அவர் எதிரிலேயே இடுக்கியை அம்மாவிடம் கொடுக்கிறேன், சத்தியமாக. என் மானம் போகட்டும், உன் வண்டி இருக்கட்டும். பால் பாத்திரம் என் மேல் பறந்து வந்தால் நீதான் மேலே இருந்து தடுக்கணும்.

கிரீஸ் கையோடு,
உன் மூத்த மகளின் கார் மெக்கானிக்,
உன் கடைக்குட்டி வாலு