பாலத்தைப் பின்பக்கமாகக் கடக்கிற டாங்கி

மார்ச் 4, செவ்வாய்

இன்று கம்ப்யூட்டரில் விளையாடிய டாங்கிச் சண்டை ஆட்டம் எல்லாவற்றிலும் தோல்வி. எதிரணி கெட்டிக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் குண்டு போட்டதும், பட்டதா இல்லையா என்று சுவரை விட்டு வெளியே வந்து எட்டிப் பார்க்கிறேனே, அந்த வியாதிக்கு யார் என்ன செய்ய முடியும்? அடுத்த குண்டு நிரம்பும்வரை என் டாங்கி வெறும் தகர டப்பா. அதை நடுத்தெருவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "அய்யோ அடிச்சிட்டான்" என்று கத்தினால் எப்படி?

செயற்கைப் பல் செய்கிற லேபில் எனக்கு வேலை. பகலெல்லாம் ஊரார் பல் அச்சைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பேனா கடிக்கிறவர், தூக்கத்தில் பல்லை நறநறக்கிறவர் எல்லாம் அச்சிலேயே தெரிந்துவிடும். இந்த ஆட்டத்திலும் யார் ஜெயித்தார் என்பதைவிட, யார் எந்தத் தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறார் என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசி.

மார்ச் 6, வியாழன்

ஒரு வேடிக்கை. ஆறும் பாலமும் உள்ள களத்தில், எதிரணியில் 'கரிச்சட்டி' என்ற பெயரில் ஒரு ஆள், பாலத்தை ரிவர்ஸில் கடந்தார்! டாங்கிக்கு முன்பக்கம்தான் தடித்த இரும்பு. பின்பக்கம் ஒரு குண்டுக்குத் தாங்காது, வேகமும் இருக்காது. எவனாவது அந்தப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு எதிரி வீட்டுக்குப் போவானா?

ஒருத்தன் போவான். என் அண்ணன்.

எங்கள் பழைய கீபோர்டில் முன்னால் போகிற பட்டன் சிக்கிக்கொள்ளும். ஒரு தட்டுத் தட்டினால் டாங்கி நிற்காமல் ஓடி ஆற்றில் விழும். அதனால் குறுகலான இடம் வந்தாலே அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு ரிவர்ஸில் போவான். புதுக் கீபோர்டு வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் சிரித்தால், "பின்னாடி போனாலும் போய்ச் சேந்துட்டேன்ல?" என்பான்.

சே, அவனாக இருக்காது. உலகத்தில் கிறுக்கன் ஒருத்தன்தானா?

மார்ச் 7, வெள்ளி

அவனாக இருந்தால்?

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூட வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, பிறகு வந்து சொன்னான். அப்பா "வெளிய போ" என்றார். போய்விட்டான். நம்பரை மாற்றினான், விளையாட்டுக் கணக்கையும் மூடினான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கதவு சிக்கினாலும் திறந்துவிடுவார், சொந்த வீட்டுக் கதவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கக் கூடாது.

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லாததை விடு. தினமும் சாயங்காலம் பக்கத்து நாற்காலியில உக்காந்து ஆடினவ நான். எதிரி எங்க இருக்கான்னு நான் சொல்லுவேன், அவன் சுடுவான். எனக்குக்கூட சொல்லலையே? அதுதான் ஆற மாட்டேங்குது.

மார்ச் 15, சனி

இன்று கரிச்சட்டி என் அணியில். நம் சர்வரில் சாயங்கால நேரத்தில் ஆள் குறைவு. அதே பெயர்கள் சுற்றிச் சுற்றி வரும். சண்டையை மறந்துவிட்டு அந்த டாங்கியின் பின்னாலேயே சுற்றினேன். அணியில் ஒருத்தர், "அரைடிக்கெட், நீ என்ன ஊர்வலமா போற?" என்று திட்டினார். அரைடிக்கெட் நான்தான். அண்ணன் வைத்த பெயர்.

பார்த்த வரையில்: ஓரமாகத் திரும்பும்போது முதலில் பீரங்கியைத் திருப்பி, அப்புறம் உடம்பைத் திருப்புகிறார். அண்ணன் மாதிரியே. அடிபட்டதும் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு ஓடுகிறார். இதுவும் அவனேதான்.

ஆனால் புதருக்குள் போனால் அசையாமல் காத்திருக்கிறார். அண்ணனாவது காத்திருக்கிறதாவது! லிஃப்ட் வரும்வரைகூட நிற்கமாட்டான், படியேறிப் போய்விடுவான். கல்யாணம் ஒரு மனுஷனை அவ்வளவு திருத்துமா?

மார்ச் 18, செவ்வாய்

கரிச்சட்டி மறுபடி எதிரணி. மூலை திரும்பினேன், பக்கத்திலேயே நிற்கிறார். என் பக்கவாடு முழுசாக அவருக்கு முன்னால், எனக்கோ குண்டு நிரம்பவில்லை. தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. திறந்து பார்த்தால், பீரங்கியை அந்தப் பக்கம் திருப்பி ஒரு பாறையைச் சுடுகிறார்!

இதுவரை நான் பார்த்த தப்பிலேயே பெரிய தப்பு. பாறை என்ன பாவம் செய்தது?

மார்ச் 21, வெள்ளி

இன்றும் அதேதான். என்னைப் பார்த்தார், பின்வாங்கினார், போய்விட்டார். அதற்காக அவருடைய அணியே அவரைத் திட்டித் தீர்த்தது.

லேபில் மெழுகு வேலை பார்க்கிற அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு டாங்கியும் தெரியாது, ட்ராக்டரும் தெரியாது.

"கேட்டுட வேண்டியதுதானே, நீ என் அண்ணனான்னு?"

"கேட்டு, அவன்தான்னா? மறுபடி பேர மாத்திட்டுப் போயிட்டான்னா என்ன பண்றது?"

அக்கா கையிலிருந்த மெழுகுப் பல்லைக் கீழே வைத்தாள். "அப்ப அவன் வேணும்ங்கற."

ஆமாம், வேணும். அவன் மேல் கோபம் இருக்கிறது, அவனும் வேணும். இந்தக் கரிச்சட்டி ஒன்றுதான் கையில் இருக்கிற நூல். இழுத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

'நீயா?' என்று டைப் செய்தேன். அழித்தேன். திரும்ப டைப் செய்தேன். அப்பா வந்து, "ஜெயிச்சியா?" என்றார். அழித்துவிட்டேன்.

மார்ச் 29, சனி

கேட்டுவிட்டேன். நேராக அல்ல. ஆட்டம் முடிந்ததும் தனிச் செய்தியில், "பாலத்துல ஏன் ரிவர்ஸ்ல போறீங்க?" என்று மட்டும்.

உடனே பதில்: "அப்படித்தானே போகணும்? முன்னாடி போனா வண்டி சிக்கிக்கும்னு என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கார்."

வீட்டுக்காரர்.

எங்கள் பழைய கீபோர்டின் சிக்கலை அந்தப் பெண்ணுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான், மடையன்! அவளும் நம்பி இத்தனை நாளாய் முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்திருக்கிறாள். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். என்ன எழுதுவது என்று தெரியாமல், "என்னை ஏன் சுடல?" என்று கேட்டேன்.

அடுத்த ஆட்டத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது, கரிச்சட்டி பெயரைக் காணோம். ஓடிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம் வந்தது.

"உங்க பேர் ஸ்கிரீன்ல வந்தா அவர் என் கையப் பிடிச்சுக்குவார். அது என் தங்கச்சி, சுடாதேன்னு. அதனாலதான் பாறைய சுட்டேன். நான் உங்க அண்ணி பேசறேன்ம்மா."

மார்ச் 30, ஞாயிறு

நேற்று அண்ணி சொன்னதை எழுதி வைக்கிறேன். அண்ணன் விளையாட்டையே விட்டுவிட்டானாம். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தால் ஆட முடியவில்லையாம். அண்ணிதான் பொழுதுபோக்குக்கு ஆரம்பித்திருக்கிறாள். முதல் வாரமே என் பெயர் திரையில் வந்திருக்கிறது. அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறானாம்.

நான் அவனை வேவு பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். பாத்தா போதுமா? ஒரு வார்த்தை பேசினா என்னவாம்? ரோஷமா?

இதே கேள்வியை அண்ணியிடம் கேட்டேன். "பயம்மா" என்றாள். "நீங்களும் வெளிய போன்னு சொல்லிட்டா தாங்க மாட்டேன்னு சொல்றார்."

ஏப்ரல் 2, புதன்

சனிக்கிழமை சாயங்காலம் ஒரே அணியில் ஆடலாம், பேசிக்கொண்டே ஆடலாம் என்று எழுதினேன். அண்ணனும் வரணும் என்று சேர்த்தேன். 'சரி' என்று வந்தது. அது யார் தட்டின 'சரி' என்று தெரியவில்லை.

ஏப்ரல் 5, சனி

ஹெட்செட்டை மாட்டவில்லை. வேண்டுமென்றேதான். ஸ்பீக்கரை முழுசாக வைத்தேன். அப்பா ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் இருமல். அப்புறம் அவன் குரல்: "ஏய், வலது பக்கம் புதர் காலியா இருக்கு பாரு. அங்க போ." ஒரு வருஷத்துக்கு அப்புறம் பேசுகிற பேச்சா இது? ஒரு 'எப்படி இருக்க' கிடையாது. நான், "உன் பேச்சக் கேட்டா உருப்பட்ட மாதிரிதான்" என்றேன். புதருக்குத்தான் போனேன். திரை கலங்கித் தெரிந்தது.

ஹாலில் டிவி சத்தம் நின்றுவிட்டது. அப்பா வந்து கதவருகே நின்றார். திட்டப் போகிறார், வயரைப் பிடுங்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் எதையோ சொல்லிக்கொண்டே போனான். அவனுக்குத் தெரியாது.

கரிச்சட்டியின் டாங்கி ஒரு சுவருக்குப் பின்னால் நின்றது. மேட்டில் ஒரு எதிரி தலைகாட்டினான். நான் கவனிக்கவில்லை, அண்ணனும் கவனிக்கவில்லை.

"இடது பக்கம் மேட்டுல ஒருத்தன் நிக்கிறான்" என்றார் அப்பா என்னிடம். "அவன நகரச் சொல்லு."

ஸ்பீக்கரில் அண்ணன் குரல் பாதியில் நின்றது. "அப்பாவா?"

நான் பதில் சொல்லுமுன் அப்பா குனிந்து மைக் பக்கம் வந்தார். "பேசிட்டே நிக்காதடா. நகரு."

"சரிங்க மாமா."

அண்ணியின் குரல். டாங்கி நகர்ந்தது. மேட்டிலிருந்து வந்த குண்டு சுவரில் பட்டது. அண்ணி புதருக்குள் போய் நின்று, காத்திருந்து, எதிரி எட்டிப் பார்த்ததும் ஒரே குண்டில் முடித்தாள்.

அப்பா நிமிர்ந்தார். "ஓட்டறது யாரு?"

"அண்ணிப்பா."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம். அண்ணன் அவசரமாக, "அப்பா, இதோ, நான் உக்காந்து ஓட்டறேன்" என்றான்.

அப்பா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வேணாம். நீயே ஓட்டும்மா" என்றார்.