ஆயுத பூஜையன்று எடுத்த வீடியோ

விஷ்ராந்த்வாடி, புணே
ஞாயிறு

அன்புள்ள வைஷு,

வேண்டாம், அந்த வீடியோவை அழிக்காதே. நேற்று போனில் நீ அழுதுகொண்டே கேட்டதற்கு இதுதான் பதில். நான் சொல்வதற்குள் வைத்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். எழுத்துக் கூட்டியாவது படி. நானும் அப்பாவும் சுகம். கால்கரியில் மைனஸ் இருபது என்று பார்த்தேன். காதை மூடிக்கொண்டு போகிறாயா, மதியம் ஏதாவது சூடாகச் சாப்பிடுகிறாயா. இரண்டுக்கும் ஆம் என்றால் நீயும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போனில் பாதிதான் சொன்னேன். மாவட்டத்திலிருந்து ஏற்றுமதி பெருக வேண்டும் என்று அரசாங்கத்தில் பூ, மாதுளை, மோட்டார் உதிரிபாகம் எனத் துறை துறையாகப் பிரித்துத் திட்டம் போடுகிறார்கள். ரோஜாக்காரர்களோடு நம் ஹடப்சர் பட்டறையையும் சேர்த்துக்கொண்டார்கள். காரணம் நம் சிம்டா. ரோஜா மொட்டுக்கு வலை உறை மாட்டும் அந்தச் சின்ன இடுக்கி. பாலிஹவுஸ் கூடாரத்தில் ரோஜா பறிக்கும் பெண்கள் நாளெல்லாம் விரலால் வலையை விரித்து நகக்கண் வெடித்து நிற்பதைப் பார்த்துச் செய்தது. நைரோபியில் ஒருவர் ஐயாயிரம் சிம்டா கேட்கிறார். காப்புரிமைக்கு விண்ணப்பித்த எண்ணை மாதக் கடைசிக்குள் அனுப்பினால் நம்மிடம் வாங்குவார், இல்லாவிட்டால் தானே செய்துகொள்வார். இவ்வளவும் உனக்குத் தெரியும். தெரியாதது அந்த வகுப்பு. திட்டத்தின் ஒரு பகுதியாக அறிவுசார் சொத்துரிமை பற்றி மூன்று நாள் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவர் தேஜஸ்வினி என்று ஒரு வக்கீல், உன்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். உங்கள் கண்டுபிடிப்பை யாராவது இணையத்தில் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். நான் கையைத் தூக்கினேன். பெருமையாக. திரையில் போட்டே காட்டினேன். ஆயுத பூஜையன்று அச்சிலிருந்து வந்த முதல் சிம்டாவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்ததும், பாலிஹவுஸில் வேலை செய்யும் சாவித்ரி தாயி அதைக் கையில் எடுத்து மொட்டு மொட்டாக மாட்டியதும், நீ கேமராவோடு கிட்டத்தில் போய் அதை மெதுவாக ஓடவிட்டுக் காட்டியதும். நாற்பது பேர் கைதட்டினார்கள். தேஜஸ்வினி மட்டும் தட்டவில்லை. பேப்பர் எப்போது தாக்கல் செய்தீர்கள் ஆன்ட்டி என்று ஹிந்தியில் மெல்லக் கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். கை தானாக இறங்கியது. ஊருக்குக் காட்டிவிட்ட பொருள் நம் சட்டத்தில் புதுப்பொருள் இல்லையாம், காப்புரிமை கிடைக்காதாம். காட்டியது நாமே ஆனாலும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரித்தார். "யாரு பார்த்திருக்கப் போறா? இருநூத்திப் பதினாலு தடவை. அதுல பாதி என் தங்கைதான். அழிச்சுட்டு அப்ளை பண்ணு, ஒருத்தருக்கும் தெரியாது." உன் அத்தை என்னவோ நிஜமாகவே தினமும் பார்க்கிறாளாம். ஒரு மணி நேரம் நானும் அப்படித்தான் நினைத்தேன், உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் இதற்கு முன் எங்கும் வெளிவரவில்லை என்று நான் எழுதித்தர வேண்டும். எழுதினால் பொய். நைரோபிக்காரர் அந்தப் பொய்யை நம்பிப் பணம் போடுவார். அது என்னால் ஆகாது.

நீ ஏன் அதைப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். அப்போது உனக்கு அடுத்த வாரம் விமானம். அதற்கு முன் அம்மாவை நாலு பேருக்குக் காட்ட வேண்டும். பின்னால் உன் குரல் கேட்கிறது, "எங்கம்மா பண்ணினது, ஃபுல்லா அம்மாவே பண்ணினது." தட்டுத்தடுமாறிய உன் தமிழில். அதை அழிக்கச் சொல்கிறாயா என்னை. சட்டம் தெரியாதது உன் குற்றமில்லை. பட்டறை என்னுடையது, தெரிந்துகொண்டிருக்க வேண்டியவள் நான்.

அழிக்கக் கூடாது என்று முடிவான பிறகு திரும்பத் திரும்பப் பார்த்தேன். வேதனையில்தான். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, சாவித்ரி தாயியின் கை கண்ணில் பட்டது. அவள் சிம்டாவைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறாள். கட்டைவிரல் பின்னால் போய் எதையோ தேடுகிறது. அங்கே ஒன்றுமில்லை, ஆனாலும் ஒவ்வொரு மொட்டுக்கும் தேடுகிறது. நான்கு மாதம் பக்கத்திலேயே இருந்து நான் கவனிக்காதது. மறுநாள் தளேகாவ் பாலிஹவுஸுக்குப் பஸ் பிடித்துப் போய்க் கேட்டேன். இங்கே ஒரு பித்தான் இருந்தால் அமுக்கி வலையை விடுவித்துவிட்டு அடுத்த செடிக்குப் போவேன், இல்லாததால் மணிக்கட்டைத் திருப்புகிறேன் என்றாள். ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேட்டீங்களா மேடம்? குங்குமம் வெச்சீங்க, பேடா குடுத்தீங்க. அவ்வளவுதானே" என்று மராத்தியில் சொல்லிச் சிரித்தாள். மற்றப் பெண்களும் சிரித்தார்கள். எனக்கும் வேறு வழியில்லை.

வைஷு, பித்தான் வைத்த சிம்டாவை இன்னும் யாரும் பார்த்ததில்லை. ஒரு வாரத்தில் ஒன்று செய்துவிட்டேன். பழையது போனது போனதுதான், யார் வேண்டுமானாலும் செய்யலாம். புதிய பகுதிக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம், வீடியோவின் தேதியையும் மறைக்காமல் எழுதிவிடுங்கள் என்கிறாள் தேஜஸ்வினி. கிடைக்குமா என்றால் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்வோம் என்கிறாள். நைரோபிக்கும் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டேன். பதில் இல்லை. வராமலும் போகலாம். அப்பா இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை, ஆனால் புதிய சிம்டாவுக்கு ஸ்பிரிங் வாங்க அவர்தான் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

இனி அழாதே. ராத்திரி தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு படுக்காதே. அத்தைக்கு ஒரு போன் பண்ணு, தன்னால்தான் எண்ணிக்கை ஏறிவிட்டது என்று பயந்துகொண்டிருக்கிறாள். எங்கே இருந்தாலும் நிறைந்த மனசோடு, நீண்ட ஆயுளோடு இரு கண்ணே.

உன் அம்மா,
ப்ரியம்வதா

பி.கு. கவரை ஒட்டுமுன் ஒன்று. விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் பெயர் என்று ஒரு கட்டம். என் பெயரை எழுதினேன். கீழே இடமிருந்தது. வீடியோவில் நீ சொன்னதில் அந்த "ஃபுல்லா" மட்டும்தான் தப்பு. இரண்டாவது பெயரை எழுதப் போனேன், சாவித்ரி என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போன் செய்து அவளுடைய முழுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.