காரிமலைக்குத் திரும்பி வரும் கூடை

திரு நிலைக்க. பகைவர் முடிகளைப் படியாக மிதித்து அரியணை ஏறியவரும், முகிலங்குன்றக் கோட்டைக்கு உரியவருமான ஆழித்தோள் பெருவேந்தராகிய யாம், எம் குடைநிழலில் வாழும் காரிமலைத் தலைவர் வெண்ணிச் சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உம் மலை செழிக்க. உம் சுனைகள் வற்றாதிருக்க. உம் மக்கள் உம்மை நெடுங்காலம் நினைத்திருக்க.

எம் பிறந்தநாள் விழாவுக்கு நீர் காணிக்கையாக அனுப்பிய வித்தைக்காரன் தாமக்கண்ணனும் அவன் மனைவி பூதியும் நலமே வந்து சேர்ந்தனர். பொன்னும் தந்தமும் அனுப்புவோர் பலர். கலைஞனை அனுப்பியவர் நீர் ஒருவரே.

பூதியைக் கூடைக்குள் அமர்த்தி வாளை உருவியவன், உடனே குத்திவிடவில்லை. கதை சொன்னான். பஞ்சத்தில் பிடி நெல் கேட்டு வந்த ஒரு தாயிடம், களஞ்சியத்துள் நெல் ஈரத்தில் முளைவிட்டுக் கிடக்க, இல்லையென்று கைவிரித்து, அவளைக் கூடையில் அடைத்துக் குத்தச் சொன்ன மன்னனின் கதை. வாள் இறங்கியபோது அவை கதறிற்று. பூதி சிரித்தபடி எழுந்த பின்னும், கல்லுளிமங்கராகிய எம் படைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மன்னன் யாரென வினவினோம். கதைக்கு நாடும் இல்லை, பெயரும் இல்லை, அழுதவர்களையே கேட்டருள வேண்டும் என்று பணிவாக விண்ணப்பித்தான். கேட்டோம். பேசியவர்கள் சிறையில் இருக்கிறார்கள், பேசாதவர்களும் இருக்கிறார்கள்.

மறுநாள் அவன் வாயைக் கட்டி அதே வித்தையை ஆடச் செய்தோம். கூடையின் வயிறு அகன்றது என்பதும், பூதி ஓரமாகச் சுருண்டு கிடக்க வாள் நடுவே போகிறது என்பதும் அடுக்களைப் பெண்களுக்கும் விளங்கிற்று. ஒருவரும் அழவில்லை, அமைச்சர் கொட்டாவி விட்டார். வித்தை கையில் இல்லை, நாவில் இருக்கிறது என்று தெளிந்து, நாவை எடுத்துக்கொண்டோம். நாவை விட்டு, வேண்டுமானால் அவன் இரு கைகளையும் கொள்ளுமாறு பூதி முன்னரே எம் காலில் விழுந்து மன்றாடியிருந்தாள். கலை அறிந்தவள். எம் தெளிவு சரியென்று அவளே உறுதி செய்ததில் பெரிதும் மகிழ்ந்தோம்.

ஒன்று மட்டும் உறுத்திற்று. நெல் முளைவிட்டிருந்ததை அவன் எங்ஙனம் அறிந்தான்? எம் களஞ்சியத்தின் உள்ளே சென்று கண்டவர் இருவரே. ஒருவர் யாம். மற்றவர், சென்ற மாரியில் யாம் கைப்பிடித்து அழைத்துச் சென்று காட்டிய விருந்தினர். அன்று நீர் வாய்திறவாது நின்றீர், சாத்தனாரே. பின்னர் உமக்காகப் பேச ஒரு வாயை அனுப்பினீர்.

தாமக்கண்ணன் இவ்வோலையோடு வருகிறான். கூடையும் வருகிறது. அகன்ற வயிற்றைக் குறுக்கி, உமக்குப் பட்டாடை தைக்க அன்று எடுத்த அளவின்படி அதைப் புதிதாக முடையச் செய்திருக்கிறோம். உம் ஊர் மன்றில், மக்கள் சூழ, நீர் அதில் அமர்க. வாளை அவன் பிடிப்பான். பூதி எம்மிடம் இருப்பதால் மறுக்கமாட்டான்.

கதையில்லா வித்தை சுவைப்பதில்லை என்பதை யாம் கற்றுக்கொண்டோம். ஆதலின் கூடைக்குள்ளிருந்து கதையை நீரே சொல்க. உம் நாவை அதற்கெனவே விட்டுவைத்தோம். எவரெவர் அழுகிறார் என்று காண எம் காவலர் மன்றைச் சூழ நிற்பர்.

ஓலை கைபட்ட பொழுதே ஆணை நிறைவேறுக. மறுமொழி வேண்டா. இது எம் சொல். கீழே எம் வாள் முத்திரை.